தாய் சொல்லும் கணக்கு

சகோதரிகளே, ஏற்புவலி என்றதும் காலில் ஆணி குத்திய காயமே எமக்கு நினைவுக்கு வருகின்றது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைத் துருப்பிடித்த பிளேட்டால் வெட்டினாலும், அதில் சாம்பலோ சாணமோ பூசினாலும் அதே கிருமி உட்புகும். முதல் இரண்டு நாட்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, 3ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் இடையில் வாய் இறுகிப் பால் உறிஞ்ச முடியாமல் போகும். உடல் விறைத்து வலிப்பு வரும். சிகிச்சை இல்லாவிடில் பிழைப்பது அரிது.

இந்நோயை ஒழிக்க வேண்டுமென 1989இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. ஒரு நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஆண்டில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் ஏற்பட்டால், அது ஒழிந்ததாகக் கொள்ளப்படும்.

இதை அறிய ஆஸ்பத்திரிப் பதிவுகள் மட்டும் போதா. வீட்டில் பிறந்து, பதியப்படாமலே புதைக்கப்பட்ட குழந்தை எந்தப் பதிவிலும் இராது. எனவே தடுப்பூசியும் பாதுகாப்பான பிரசவமும் மிகக் குறைந்த மாவட்டத்தைத் தெரிந்தெடுத்து, வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கேட்கின்றனர். குழந்தை எத்தனையாம் நாள் இறந்தது? முன்பு பால் குடித்ததா? வலிப்பு வந்ததா? அந்த மாவட்டமே தேறினால், ஆபத்துக் குறைந்த ஏனையவையும் தேறியதாகக் கொள்வர். ஆந்திரப் பிரதேசத்தில் 2003இல் இவ்வாறான ஆய்வு நடந்தது. 2015இல் இந்தியாவும், 2016இல் இலங்கை அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் இந்நோயை ஒழித்ததாக உறுதிப்படுத்தப்பட்டது.

சமூகப் பணியாளராக இறக்கக்கண்டித் தாய்மாருடன் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கின்றேன். போராலும் 2004 ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்தவர்களிடம் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால், இருக்கும் பிள்ளைகளை மட்டுமே சொல்வார்கள். இறந்ததைச் சொல்ல மனம் வராது. தம்மைக் குறை சொல்வார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால், தாய் சொல்லாத மரணம் கணக்கில் வராது. அதற்கான காரணமும் தேடப்படாது. ஆகவே கேட்பவர் பொறுமையுடன் கேட்க வேண்டும். நாமும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஏற்புவலிக் கிருமி மண்ணிலேயே வாழ்வதால், பெரியம்மையைப் போல் அடியோடு அழிக்க இயலாது. கர்ப்பமானவுடன் கிளினிக்கில் பதியுங்கள். தடுப்பூசி போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இடம்பெயர நேர்ந்தால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தொப்புளில் வைத்தியர் சொல்லாத எதையும் பூசாதீர்கள். வீட்டில் குழந்தை இறந்தால், குடும்ப நல உத்தியோகத்தருக்குக் கட்டாயம் தெரிவியுங்கள்.