கைக்கு இசைந்த பிஸ்டல் எது? - பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்காக

துப்பாக்கி என்றதுமே நம்மவர்கள் இரண்டு அடி பின்வாங்குவது வழக்கம். "ஏங்க, பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியா?" என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்பதும் வழக்கம்தான். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, ரஞ்சன்காவ் மகாகணபதி கோயில் வாசலிலும் நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் என்னிடம் வரும் கேள்வி மாறிவிட்டது. "எந்த பிராண்டு சார் நல்லது? மொரினியா, ஸ்டெயரா?" என்று நேராகவே கேட்கிறார்கள். என் மகள் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் சில ஆண்டுகளாக ஏர் பிஸ்டல் பயிற்சி செய்கிறாள். நானோ இங்கே தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் காற்றழுத்தக் குழாய், வால்வு, சிலிண்டர் என்று காலம் தள்ளுபவன். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டலின் குழல் 4.5 மில்லிமீட்டர். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் ஆற்றல் ஆறு ஜூல் அளவுக்குத்தான் வரும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பாயின்ட் 22 தோட்டாவில் சுடும் 25 மீட்டர் பிஸ்டல் அப்படியல்ல; அது உரிமம், சங்கச் சான்று, இறக்குமதி அனுமதி என்று வேறு உலகம். பிள்ளை அந்த நிலைக்கு வளரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சிலர் வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி பற்றியும் விசாரிக்கிறார்கள். 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற பாயின்ட் 32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. டைட்டானியம் கலவை, எடை அரை கிலோ, அப்போதைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். எடை குறைந்தால் கைப்பையில் வைக்கச் சுகம், சுடும்போது உதைப்பு அதிகம். இலேசான துப்பாக்கி எல்லாவற்றுக்கும் இது பொது. அதோடு அந்தப் பேச்சை விடுகிறேன். நம் விஷயம் விளையாட்டு.

சந்தையில் இருக்கும் பெயர்கள் அதிகமில்லை. சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தீனி. உலகக் கோப்பைப் போட்டியாளர்களின் மேசையில் இந்த ஐந்துக்குள்தான் பெரும்பாலும் பார்க்கலாம். ஐந்தும் துல்லியத்தில் மிச்சம் வைப்பதில்லை. பிடிமானத்தில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தால் எல்லாமே ஒரே துளையில் குண்டைப் போடும். இலக்கின் பத்து வளையம் 11.5 மி.மீ. விட்டம், இயந்திரத்துக்கு அது பெரிய வாசல். ஆகவே "எது துல்லியம்?" என்ற கேள்வி இங்கே பயனற்றது. கேட்க வேண்டியவை இரண்டு: இந்தக் கைக்கு எது இசைவு? எது நடுவழியில் காலை வாராது?

இசைவு என்பது சொகுசு அல்ல, கணக்கு. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். இலக்கு பத்து மீட்டரில். அதாவது முப்பது மடங்கு. முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் குண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி விழும். பத்து போய் ஏழாகிவிடும். கைப்பிடி சரியில்லாத பிள்ளை ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முறுக்கி சைட்டை நேராக்குகிறது. அறுபது குண்டு, 75 நிமிடம். நாற்பதாவது குண்டுக்கு மேல் மணிக்கட்டு களைத்து, முறுக்கியது தளர்ந்துவிடும். பிள்ளைக்கு "கவனம் போதாது" என்று நாம் திட்டுகிறோம். குற்றம் மரக்கட்டையில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிள்ளை பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் தானாக உட்கார்ந்திருந்தால் கைப்பிடி சரி. இடப்பக்கமோ மேலேயோ ஒதுங்கியிருந்தால் கைப்பிடியின் சாய்வை மாற்ற வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள், ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். அடுத்து, விசையில் வைக்கும் ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கும் உரசக் கூடாது. உரசினால் விசையை இழுக்கும்போது பிஸ்டலே பக்கவாட்டில் நகரும். விதிப்படி விசைக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும். அரை கிலோவை ஒற்றை விரல் நேராகப் பின்னுக்கு இழுப்பது சின்னக் கைக்குச் சுலபமல்ல.

கைப்பிடி அளவுகள் சிறியது முதல் பெரியது வரை வருகின்றன, வலக்கை இடக்கை தனித்தனி. நம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கு பெரும்பாலும் மிகச் சிறிய அளவுதான் சரிப்படும். கடையில் கையிருப்பில் இருப்பதோ நடு அளவு. "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஸ்கூல் ஷூ வாங்குவது போல வாங்கிவிடாதீர்கள். கை வளர்வதற்குள் தப்பான பிடி பழகிவிடும். மரக் கைப்பிடியை அரம் போட்டுக் குறைக்கலாம், குழி இருக்கும் இடத்தில் மரப்புட்டியோ எம்-சீலோ வைத்து நிரப்பி உப்புத்தாள் போடலாம். ரேஞ்சில் எல்லாரும் செய்வதுதான். லட்ச ரூபாய்ப் பொருளில் அரம் வைக்க மனசு வராது, உண்மைதான். ஆனால் பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் பயமில்லை. கைப்பிடி மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பது போட்டி விதி, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

எடை இன்னொன்று. போட்டியில் 1500 கிராம் வரை அனுமதி. முழு அளவு பிஸ்டல்கள் சுமார் ஒரு கிலோ. நீட்டிய ஒற்றைக் கையில் ஒரு கிலோ என்பது மளிகைப் பையில் ஒரு கிலோ அல்ல. மொரினியிலும் ஸ்டெயரிலும் குட்டை மாடல்கள் உண்டு. எடை குறைவு, முன்பாரம் குறைவு. சின்னப் பிள்ளைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

இனி நம்பகம். இதில் என் தொழில் புத்தி கொஞ்சம் தலைநீட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 25. தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் ஒடிந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. துப்பாக்கி பழுதுக்கு விதி கூடுதல் நேரம் தராது. மீதிக் குண்டுகளை அவசரத்தில் சுட்டு 575 புள்ளி எடுத்தார், 12-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு இரண்டே புள்ளி குறைவு. அவர் வைத்திருந்தது மொரினி, உலகில் மிகவும் மதிக்கப்படும் பெயர்களில் ஒன்று. நல்ல பிராண்டிலும் பாகம் ஒடியும். எங்கள் ஆலையிலும் ஜெர்மன் இயந்திரம் நிற்கிறது. நின்றால் எத்தனை நேரத்தில் ஓடும் என்பதுதான் பராமரிப்புக்காரன் கேட்கும் கேள்வி. ஆகவே பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ரேஞ்சில் சுற்றிப் பாருங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஸ்டெயர் வைத்திருந்தால், உதிரிப் பாகமும், பழுது பார்க்கத் தெரிந்தவரும், அவசரத்துக்குக் கடன் தரும் சிலிண்டரும் ஸ்டெயருக்குத்தான் கிடைக்கும். பட்டியலில் படிக்கும் எந்தச் சிறப்பையும்விட இது பெரிது.

மின்விசையா, இயந்திரவிசையா என்று அடுத்த சந்தேகம். மொரினி மின்விசைக்குப் பேர்போனது. ஸ்டெயர் இரண்டு வகையும் தருகிறது. மின்விசை கண்ணாடி உடைவது போலச் சட்டென்று விடும், நாளுக்கு நாள் மாறாது. பேட்டரி மாற்ற மறக்காத வீடாக இருக்க வேண்டும். இயந்திரவிசையைத் திருகாணியால் நாமே சரிபார்க்கலாம். தொடக்கப் பிள்ளைக்கு எதுவானாலும் சரி. நான் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அதில் 200 பார் அழுத்தம். நம் கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இல்லை. சிலிண்டருக்கு ஆயுள் பத்து ஆண்டு. தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். காலம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் அதைக் குழந்தையின் முகத்தருகே வைக்க எனக்கு மனம் வராது. நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தார். பிஸ்டல் பழுதில்லை, இரண்டு சிலிண்டரும் காலாவதி. புதுச் சிலிண்டர் விலையைச் சேர்த்ததும் மலிவு மலிவாக இல்லை. பழையது வாங்குவதில் தப்பே கிடையாது, தேதியை முதலில் பாருங்கள். கைப்பம்பில் காற்றடிப்பவர்கள் மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகாமல் கவனிக்க வேண்டும். வால்விலோ மூடியிலோ சாதாரண எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். எங்கள் ஆலையில் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் இது. தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸ் மட்டுமே. விமானத்தில் போனால் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும்.

விலை. பாரிஸுக்குப் பிறகு மனுவின் பிஸ்டல் ஒரு கோடி என்று செய்தி பரவியது. அவரே அதை மறுத்து, ஒன்றரை லட்சம் முதல் ஒன்றே முக்கால், ஒன்று எண்பத்தைந்து லட்சம் வரை ஆகும், அதுவும் ஒருமுறை செலவு என்றார். நம்மில் பலருக்கு அது நான்கைந்து மாதச் சேமிப்பு, சிலருக்கு ஓராண்டு. அதனால்தான் சொல்கிறேன்: முதல் ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு, ரேஞ்சுத் துப்பாக்கியிலேயே சுடட்டும். பாலேவாடியில் ககன் நாரங் 2011-இல் தொடங்கிய பயிற்சிக்கூடம் போன்ற இடங்களில் அந்த வசதி உண்டு. (சென்னையில் பிறந்தவர் அவர், நம் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டுக்கும் போனார் என்பதையும்.) ரஞ்சன்காவிலிருந்து வாகோலி நெரிசலைத் தாண்டி பாலேவாடி போய்த் திரும்ப ஒரு ஞாயிறு முழுதும் போய்விடும். அந்தப் பயணத்தை ஆறு மாதம் முகம் சுளிக்காமல் செய்த பிள்ளைக்குத்தான் சொந்தப் பிஸ்டல்.

வாங்கும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். இரண்டு மூன்று பிராண்டையும் கையில் கொடுத்து, கண்மூடித் தூக்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு குழலுக்குள் எப்போதும் இருக்கட்டும், பெட்டிக்குப் பூட்டு, சாவி பெரியவர் கையில். வீட்டில் குண்டில்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து தினம் பதினைந்து நிமிடம் விசை பழகினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கண்மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வளரும் கை, கைப்பிடி மாறிக்கொண்டே இருக்கும். கழற்றிய பழைய கைப்பிடியை எறிந்துவிடாதீர்கள், சங்கத்தில் அடுத்த பிள்ளைக்கு ஆகும்.