புதிய சிறு டிராக்டர்: முன் சக்கரத்தின் எடையைக் கவனியுங்கள்

இரண்டு மூன்று ஏக்கர் நிலம் உள்ளவர்களும் இப்போது 15 முதல் 25 குதிரைத் திறன் கொண்ட சிறு டிராக்டர்களை வாங்கி வருகிறார்கள். உழவு மாடுகள் குறைந்துவிட்டன. வாடகை டிராக்டர் பருவத்தில் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாழை, கரும்பு வரிசைகளுக்கு நடுவே பெரிய வண்டி நுழையாது. ஆகவே சிறு டிராக்டர் வாங்குவது நல்ல முடிவாகவே இருக்கலாம். ஆனால், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கிய முதல் வாரத்திலேயே வண்டி வரப்பில் மல்லாந்து விடுவதும், ரோட்டவேட்டரின் கியர் பெட்டி உடைவதும் உண்டு. பல சமயம் இதற்குக் காரணம் வண்டியின் குறை அல்ல. கருவியைப் பொருத்திய விதமும், அதைத் தூக்கிக்கொண்டு சென்ற விதமும்தான்.

எடைக் கணக்கு

டிராக்டரைத் திருப்புபவை முன் சக்கரங்கள். அவை தரையை நன்கு அழுத்திக்கொண்டிருந்தால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். பின்னால் மாட்டிய கருவியை ஹைட்ராலிக் தூக்கும்போது முன்பக்கம் லேசாகிறது. ஏற்றத்தில் துலாவின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும்புவதைப் போன்றது இது.

ஓர் உதாரணம் பார்ப்போம். டிராக்டரின் எடை 800 கிலோ. இதில் முன் அச்சு தாங்குவது 300 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர். 200 கிலோ எடையுள்ள ரோட்டவேட்டர் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். 200-ஐ 1-ஆல் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 133 வரும். அதாவது, கருவியைத் தூக்கியதும் முன் அச்சில் 133 கிலோ குறைந்து 167 கிலோவே மிஞ்சும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே அது 160 கிலோ. ஆகவே இந்த ஜோடி மயிரிழையில் தேறுகிறது. இதே வண்டியில் 250 கிலோ ரோட்டவேட்டரை மாட்டினால் மிஞ்சுவது 133 கிலோதான். சாலை வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். மேட்டில் ஏறினால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்.

"அகலமான ரோட்டவேட்டராக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்" என்று கடையில் சொல்வார்கள். கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடும் எண்ணமும் அதில் இருக்கலாம். 15 குதிரைத் திறன் வண்டிக்கு ஏறத்தாழ 3 அடி அகலம் போதும். கருவியின் எடை என்ன, முன்பக்கம் எடைக்கட்டி மாட்ட வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். எடைக்கட்டிக்குப் பதிலாகக் கருங்கல்லைக் கயிற்றில் கட்டி முன்னால் தொங்கவிடுவது கூடாது.

லாரியிலிருந்து இறக்கும்போது

புது வண்டி பெரும்பாலும் ரோட்டவேட்டரை மாட்டிய நிலையிலேயே லாரியில் வந்து சேரும். லாரியின் தளத்துக்குச் சமமான மண்மேடு இருந்தால் கவலையில்லை. சரிவாகப் பலகை போட்டுப் பின்னோக்கி இறக்கும்போதுதான் ஆபத்து. கனமான பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. அந்த நேரத்தில் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் முன்பக்கம் தூக்கி ஓட்டுநரின் மேலேயே விழும். ஆகவே சரிவில் இறக்குவதானால் கருவியை முதலில் கழற்றித் தனியே இறக்கிவிட வேண்டும். வண்டி முன்னோக்கி இறங்குவதே நல்லது. அதற்கேற்ப, ஏற்றும்போதே பின்னோக்கி ஏற்றச் சொல்லலாம். கனமான பக்கம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வயலில் வரப்பைக் கடக்கவும் இதே முறைதான்.

லாரியில் வரும்போது கருவி தளத்தில் இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலையிலும் சங்கிலியால் அச்சோடு சேர்த்து இறுக்க வேண்டும். ஸ்டியரிங் கம்பியில் கட்டினால் அது வளைந்துவிடும்.

கருவியை மாட்டும் முறை

சமமான இடத்தில் மெதுவாகப் பின்னோக்கி வந்து, என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். முதலில் இடது கீழ் இணைப்பு, அடுத்து வலது கீழ் இணைப்பு, கடைசியாக மேலே உள்ள டாப் லிங்க். வலது கையில்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது என்பதால் இந்த வரிசை. கழற்றும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் சக்கரத்துக்கும் கருவிக்கும் நடுவில் நின்று "வா, வா" என்று அழைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சிறு டிராக்டரில் கீழ்ப் பின்னின் கனம் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர். பெரிய டிராக்டரின் கருவிகளில் பெரும்பாலும் இது 28-ம் 25-மாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கருவியை இரவல் வாங்கி, புஷ் அடித்து மாட்டிக்கொள்பவர்கள் மேலே சொன்ன எடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே தண்டு எல்லா வண்டிக்கும் சரியாக அமையாது. தண்டின் இரு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கருவியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்து அளவெடுக்க வேண்டும். இடைவெளி மிகக் குறுகும் நிலையில் தண்டு முட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். மிக நீளும் நிலையில் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்க வேண்டும். நீளம் கூடுதலாக இருந்தால் இரு குழாய்களையும், அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டி, பிசிறு தேய்த்து, கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் கருவியைத் தூக்கினால் தண்டு முட்டி, கியர் பெட்டியையோ டிராக்டரின் பேரிங்கையோ உடைக்கும். இரு முனைக் கவைகளும் ஒரே நேராக இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் அதிர்வு தாங்காது.

பிளாஸ்டிக் உறையை "கிரீஸ் அடிக்க இடைஞ்சல்" என்று கழற்றி எறிகிறார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டியின் நுனியோ துண்டோ சேலை முந்தானையோ சிக்கிக்கொண்டால் கையை உதறவும் நேரமிருக்காது. உறை இல்லாத தண்டை ஓடவிடக் கூடாது.

சாலையிலும் வரப்பிலும்

சாலையில் போகும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு, கருவியைத் தரையில் படாத உயரத்துக்கு மட்டும் தூக்கினால் போதும். பக்கவாட்டுச் சங்கிலிகளை இறுக்கினால் கருவி ஆடாது. இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்டு, சாலையில் ஒன்றை மட்டும் மிதித்து வண்டி குடைசாய்ந்தவர்கள் உண்டு.

டிரெய்லரைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இருக்கும் இடத்தில் சங்கிலி கட்டி மரத்தையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுத்தால் ஓரிரு நொடிகளில் டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டுவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால், தன்னைவிடக் கனமான பாரவண்டி பின்னாலிருந்து தள்ளும். முன்பே சிறிய கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பது வேண்டாம்.

உயரமான வரப்பைச் சாய்வாகக் கடக்கக் கூடாது. இரண்டு மண்வெட்டி மண்ணை வெட்டிச் சரித்து, கருவியைத் தாழ்த்தி, நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் பின்னோக்கி ஏறுவதே நல்லது. வாய்க்கால் கரையில் ஈரமிருந்தால் விளிம்பிலிருந்து, வாய்க்காலின் ஆழத்துக்குக் குறையாத தூரம் விலகி ஓட்ட வேண்டும்.

முதல் நாள் வேலை முடிந்ததும் சக்கர நட்டுகளையும், கருவியின் கத்தி போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புது இரும்பு படிந்து தளரும். பாதுகாப்பு போல்ட் அறுந்தால் அதே ரகத்தையே போட வேண்டும். கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர் பெட்டியாக இருக்கும். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். மணிக் கணக்கை மீட்டரில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளவும்.