கட்டடத்திற்கும் வயதுண்டு

நுழையும்முன்

ஓட்டு வீடுகளில் மழைக்காலத்திற்கு முன் கூரையைப் பிரித்து, உடைந்த ஓடுகளையும் உளுத்த மரச்சட்டங்களையும் மாற்றுவது நம் முன்னோர் வழக்கம். கோவில்களில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி முடித்துக் குடமுழுக்கு நடத்துவது மரபு. தொண்டாமுத்தூர் முதலிய கோவைப்புற ஊர்களில் வயல்கள் மனைகளாகி, அடுக்குமாடிகள் எழும் காலம் இது. கற்காரைக் கட்டடத்திற்கு இத்தகைய பராமரிப்பு வேண்டாவா?

உள்ளிருந்து வரும் ஆபத்து

கற்காரையின் காரத்தன்மை, அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கிறது. நுண்துளைகளின் வழியே கரியமில வாயு புகப்புகக் காரத்தன்மை குறைகிறது. ஈரமும் சேரும்போது கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுள்ள கற்காரை வெடித்துப் பெயர்கிறது. எனவே, கம்பியின் போக்கில் ஓடும் விரிசல், உதிரும் மேற்கூரை, சுவரில் இறங்கும் துருக்கறை ஆகியவை வெறும் அழகுக்குறைகள் அல்ல. அவற்றின்மீது வண்ணம் பூசுவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

நிகழ்வுகள் உணர்த்தும் பாடம்

சென்னை, திருவொற்றியூரில் 1993ஆம் ஆண்டு கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 டிசம்பர் 27 அன்று சரிந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறியமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. சிங்கப்பூரில் தமிழர் மிகுதியாகப் புழங்கும் சிராங்கூன் சாலையில் ஆறு மாடி விடுதிக் கட்டடமொன்று 1986 மார்ச் 15 அன்று இடிந்து 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடத் தவறியது விசாரணையில் வெளிப்பட்டது. அக்குறையுடன் அது 15 ஆண்டுகள் நின்றிருந்தது! ‘இத்தனை ஆண்டுகள் நின்றதே, இனியும் நிற்கும்’ என்னும் நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சட்டம் சொல்வது

இவ்விபத்திற்குப்பின் சிங்கப்பூர் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அதன்படி அடுக்குமாடிக் குடியிருப்புகளை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பிற கட்டடங்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தகுதிபெற்ற பொறியாளர் ஆய்வு செய்தல்வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு, 30 ஆண்டு நிறைந்த கட்டடங்களைப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக்கொண்டு ஆய்வு செய்வதை உரிமையாளரின் கடமையாக்குகிறது.

தமிழ்நாட்டில், ஆபத்தான கட்டடத்தைச் சீரமைக்கவோ இடிக்கவோ ஆணையிடும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உண்டு. ஆயினும், ஆணை வந்தபின்னும் அடுக்குமாடியில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வீடு தனித்தனியே ஒருவருக்கு உரியது. தூணும் அடித்தளமும் அனைவருக்கும் பொதுவானவை. ஒருவர் இசையாவிடினும் மறுகட்டுமானம் தடைப்படும் நிலை முன்பு இருந்தது. கோவை, சிங்காநல்லூரில் 1980களில் எழுந்த 960 வீடுகள் கொண்ட வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு பழுதடைந்தபின், அதனைப் புதிதாகக் கட்டும் முயற்சி பல்லாண்டுகள் நீண்டது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழிவகுக்கிறது. ஆனால், இசையாதோருக்கும் அதுவே வீடு. கட்டிமுடியும்வரை அவர்கள் எங்கே வாழ்வது என்பதற்கும் விடை காணவேண்டும்.

ஆய்வு நடைபெறும் முறை

பொறியாளர் முதலில் கட்டடத்தைக் கண்ணால் ஆராய்வார். பின்னர், கற்காரையின்மீது மோதி மீளும் சுத்தியலின் எழுச்சியைக்கொண்டு மேற்பரப்பின் வலிமையை மதிப்பிடுவார். மீயொலி அலை ஊடுருவும் வேகம், உள்ளிருக்கும் வெற்றிடங்களையும் விரிசல்களையும் காட்டிக்கொடுக்கும். தேவையெனின் சிறு உருளை வடிவில் கற்காரையை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் சோதிப்பார். இவற்றின் அடிப்படையில், பழுதுபார்த்தால் போதுமா, வலுவூட்டவேண்டுமா, வெளியேறவேண்டுமா என்று முடிவுசெய்யப்படும்.

கோவைப் பகுதிக்கு இவ்வாய்வில் தனி அக்கறை தேவை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரிக்டர் அளவில் ஏறத்தாழ 6 எனக் கணிக்கப்பட்ட நிலநடுக்கம் இங்கு ஏற்பட்டுள்ளது. அன்று இங்கே அடுக்குமாடிகள் இல்லை, இன்று உள்ளன. திருவொற்றியூர்க் கட்டடம் விரிசலால் எச்சரித்தது. நிலநடுக்கம் அவ்வாறு எச்சரித்து வருவதில்லை. ஆகவே, விரிசலுக்காகக் காத்திராமல் காலந்தோறும் ஆய்வதே உயிர்காக்கும் வழி.