இட்ட குழாயை எடுப்பது யார்?

கல்லடைப்பு நோயின் கொடுமையை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி ஜனங்களுக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை. வெயிலிலும் ஆலையிலும் வியர்வை சிந்தி, போதிய தண்ணீர் அருந்த அவகாசமின்றி உழைப்பவர்களை அது எளிதில் பற்றுகிறது. முற்காலத்தில் விலாவைக் கீறிச் செய்த ரண சிகிச்சையை, இப்போது பெரும்பாலும் உடலின் இயற்கைத் துவாரத்தின் வழியாகவே வைத்தியர்கள் முடித்து விடுகிறார்கள். இது மனித புத்தியின் சிறந்த வெற்றியே. ஆயினும், அந்த வெற்றிக்குப் பின் நோயாளியின் உடலில் தங்கிவிடும் ஒரு சிறு குழாயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கல்லை உடைத்த பின், சிறுநீரகத்திலிருந்து நீர்ப்பைக்கு இறங்கும் வழி வீங்கி அடைபடாதிருக்கும் பொருட்டு, 'ஸ்டென்ட்' என்னும் குழாயை அதில் வைப்பதுண்டு. அதன் பருமன் சுமார் 2 மில்லிமீட்டர். நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். மெல்லிய கம்பியொன்றின்மேல் அதைக் கோத்துச் செலுத்துகிறார்கள். கம்பியை உருவியதும் மேல்முனை சிறுநீரகத்திலும் கீழ்முனை நீர்ப்பையிலும் தாமாகவே சுருண்டு நிலைத்து விடுகின்றன. முந்திய குழாய்களுக்கிருந்த நழுவும் குறையை இவ்விருமுனைச் சுருளால் 1978-இல் நீக்கியவர் ராய் ஃபின்னி என்ற அமெரிக்க வைத்தியர்.

நழுவாமை இக்குழாயின் குணம், அபாயமும் அதுவே. தானாக அது வெளிவராது. சில வாரங்களிலோ, மிஞ்சினால் மூன்று மாதங்களிலோ ஒருவர் அதை எடுத்தே தீரவேண்டும். தவறினால் சிறுநீரிலுள்ள உப்புக்கள் அதன்மேல் படிந்து இறுகும். கல்நோயாளிகளிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, ஆறு வாரத்திற்குள் எடுத்த குழாய்களில் நூற்றுக்கு 9.2 வீதமும், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் எடுத்தவற்றில் 47.5 வீதமும், அதற்கும் பிந்தியவற்றில் 76.3 வீதமும் உப்புப் படிந்திருந்தன. கல்லுக்காக வைத்த குழாயே கல்லாவதைக் காட்டிலும் விபரீதம் உண்டோ? வருஷக்கணக்கில் மறந்திருந்து சிறுநீரகத்தையே இழந்தோரும் உளர்.

மறந்தது நோயாளியின் குற்றமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். மதுரையில் சிகிச்சை பெற்ற ராஜபாளையத்து நெசவாளி ஒருவருக்கு மறுபடியும் போய்வர வழி 85 கிலோமீட்டர். துணைக்கு வருபவரோடு சேர்த்து இரண்டு பேரின் கூலி நஷ்டம். வலியோ நின்றுவிட்டது. குழாய் உள்ளே இருப்பதற்குச் சாட்சி, இங்கிலீஷில் எழுதிய ஒரு சீட்டு மாத்திரமே. வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவனை அப்பத்திரம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று நியாயஸ்தலங்கள் விசாரிப்பதுண்டு. வைத்திய உலகமும் இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எடுக்கும் வேலை சில நிமிஷங்களே. 1877-இல் ஜெர்மானியர் மாக்ஸ் நிட்ஸே அமைத்த நீர்ப்பை நோக்கும் கருவியின் வழிவந்த 'சிஸ்டாஸ்கோப்'பினுள் இடுக்கியைச் செலுத்தி, குழாயைப் பற்றி இழுக்கிறார்கள். ஆனால் அதற்குக் கருவி வேண்டும். பழகிய கையும் வேண்டும். இதை எளிதாக்கப் பல உபாயங்கள் தோன்றியிருக்கின்றன. குழாயின் நுனியில் நூல் கட்டி வெளியே விடுவது ஒன்று. அது தவறி இழுபட்டு விடலாம். நுனியில் சிறு காந்தம் வைத்து, இன்னொரு காந்தக் குழாயை நீர்ப்பைக்குள் அனுப்பிக் கவர்ந்து இழுப்பது மற்றொன்று. இதற்குக் காமிரா வேண்டாம், ஆயினும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்வோர் காந்தத்தைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவேண்டும். இடுக்கியோடு சேர்ந்தே வரும் ஒருமுறைக் கருவி மூன்றாவது; செலவுதான் அதன் தடை.

இவற்றுள் எது சிறந்தது என்பதை வைத்திய நிபுணர்கள் தீர்மானிக்கட்டும். நாம் சொல்வது ஒன்றே: கருவியை அமைப்போர் ரண சிகிச்சை அறையை மாத்திரமன்றி, நோயாளி ஏறும் பஸ்ஸையும் மனத்திற்கொள்ள வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் எடுக்கக்கூடிய குழாயே ஏழைக்கு ஏற்ற குழாய்.

அத்தகைய கருவியை இங்கேயே செய்ய முடியுமா? மதுரை ஆரோலாப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்து, அன்னிய நாட்டு விலையில் சிறு பங்குக்கு அளித்துக் காட்டியது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தோன்றிய கலசலிங்கம் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. தறிக்கும் காந்தத்திற்கும் என்ன சம்பந்தம் என்பீர்களாயின், சுத்தமும் அளவு பிசகாமையும் இரண்டுக்கும் பொது. 2017-ஆம் வருஷத்து வைத்தியக் கருவி விதிகளுக்கு உட்பட்டு, தக்க பரிசோதனைகளின் பின்னரே இம்முயற்சி நடைபெற வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறோம்.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழாய் வைத்தவர், எடுக்கவேண்டிய தேதியைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரி ஒரு பதிவேடு வைத்து, தேதி நெருங்கியதும் டெலிபோனில் அழைக்கட்டும். 2022-இல் திறந்த விருதுநகர் வைத்தியக் கல்லூரி, ஜில்லாவின் ஆஸ்பத்திரிகளுக்கு இதில் வழிகாட்டட்டும். குழாய் வெளியே வரும்வரை சிகிச்சை முடிந்ததாக எந்த வைத்தியரும் கணக்கெழுதலாகாது.