மலையில் பேசி மலையிலேயே கேட்கும் வானொலி!

காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தண்டு துளைப்பானைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அராபிகா ரகத்துக்கு எமன் அந்த வண்டு. ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அராபிகாதான் என்பதால், இங்கே அதன் பெயரைச் சொன்னாலே முகம் வாடிவிடும். தாய் வண்டு தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு உள்ளே புகுந்து குடைகிறது. தண்டில் புடைத்து நிற்கும் வரிகளும் மஞ்சளித்து வாடும் இலைகளும்தான் வெளியே தெரியும் அடையாளம். ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை வண்டுகள் வெளியே பறந்து வருகின்றன. அதற்கு முன்பாகவே, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், பாதித்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். காபி வாரியம் காலங்காலமாகச் சொல்லி வரும் வழி இதுதான்.

சொல்வது சுலபம். ஒருவர் தன்னுடைய 2 ஏக்கரைச் செடி செடியாகத் தடவிப் பார்த்து, நோய் கண்டதையெல்லாம் பிடுங்கி எரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அடுத்த மாதமே அங்கிருந்து வண்டு வந்து சேரும். ஊரே சேர்ந்து ஒரே சமயத்தில் இறங்கினால்தான் பலன். 'இந்த வாரம் தொடங்குங்கள்' என்ற சேதியை மலையிலுள்ள அத்தனை பேர் காதிலும் போடுவது எப்படி? துண்டறிக்கை கொடுத்தால் அது கடைத்தெருவோடு நின்றுவிடும். செல்போன் குறுஞ்செய்தி, சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் இருப்பவருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்கும் போய்ச் சேராது. ஊர்க் கூட்டம் போட்டால் வருவது பாதிப் பேர்.

இந்த இடத்தில்தான் 'சமுதாய வானொலி' கைகொடுக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற, அந்த வட்டாரத்து மக்களே பேசுகிற, லாப நோக்கமில்லாத சின்ன எஃப்.எம். நிலையம் அது.

ரேடியோ நெல் தந்த பாடம்

வானொலி கேட்டு விவசாயம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1960-களில் தஞ்சாவூர் வட்டாரத்தில் ஏ.டி.டி.27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி நிலையம் வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்த்தது. ரகத்தின் எண்ணை மறந்துவிட்டு, 'ரேடியோ நெல்' என்றே விவசாயிகள் அதை அழைத்தார்கள். ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் வந்தது சாதாரண விஷயமில்லை.

ஆனால், அந்த ஏற்பாட்டில் பேசியவர் அதிகாரி, கேட்டவர் விவசாயி. தஞ்சைச் சமவெளி முழுக்க ஒரே பயிர், ஒரே பருவம் என்பதால் அது செல்லுபடியானது. மலையில் கதை வேறு. காபியைப் பூக்க வைக்கிற மார்ச், ஏப்ரல் மழை இந்தச் சரிவில் பெய்யும்; அடுத்த சரிவில் பெய்யாது. கீழே சேலத்தில் வெயில் கொளுத்தும்போது ஏற்காட்டில் மூடுபனி. மாவட்டம் முழுமைக்கும் சொல்லப்படும் யோசனையில் 1,500 மீட்டர் உயரத்தில் மிளகுக்கொடி வைத்திருப்பவருக்கு உதவுவது கொஞ்சம்தான்.

பத்தாண்டு காத்திருந்த பெண்கள்

வானலைகள் பொதுச்சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அப்படியும் கதவு ஒரேயடியாகத் திறக்கவில்லை. 2002-ன் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியது அந்த வழியில்தான். தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் வழி பிறந்தது 2006-ல்.

இந்தக் கதவின் முன்னால் நெடுநாள் நின்றவர்கள் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள். தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பின் கீழ் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, தரிசாகக் கிடந்த நிலத்தில் சிறுதானியம் விளைவித்தவர்கள். யுனெஸ்கோ உதவியுடன் 1990-களின் கடைசியிலேயே மாச்சனூரில் அவர்களுக்கு நிலையம் தயாராகிவிட்டது. ஒலிபரப்பத்தான் உரிமம் இல்லை. அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். இப்படியே ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஓடின!

2008 அக்டோபர் 15-ம் தேதி, உலக ஊரகப் பெண்கள் நாளன்று, 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் சமுதாய வானொலிகளில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை வழங்கிய நீதிபதி பி.பி.சாவந்த். 'ஜெனரல்' நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு பெண்கள் கருவிகளை இயக்கக் கற்றுக்கொண்டு நிலையத்தைச் சுமந்தார்கள். ஒலிபரப்பு மாலையில்தான். காட்டு வேலை முடிந்து, அடுப்பு பற்ற வைக்கிற நேரம் அதுதானே!

அங்கே பேச்சில் அடிபட்டது விதை. எந்தச் சோளம் எந்த மண்ணுக்கு, ஒரே வயலில் எதோடு எதைக் கலந்து விதைப்பது, அறுவடைப் பாட்டு, நடவுப் பாட்டு, கைவைத்தியம், வட்டார வழக்கில் அரட்டை. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போய், வேலை செய்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். கூச்சப்படுகிற பெண்கூடப் பக்கத்து ஊர்ப் பெண் பேசுவதைக் கேட்டதும் தானும் பேச முன்வருவாள். படித்த அறிவிப்பாளர் வந்து நீட்டும் மைக் இந்த வேலையைச் செய்யாது.

அண்டை மலைகளில்

ஏற்காட்டு விவசாயிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வயநாடு. அங்கேயும் காபி, மிளகு. அங்கேயும் மலைவாழ் மக்கள். மானந்தவாடி அருகே துவாரகாவில் 2009 முதல் 'ரேடியோ மாற்றொலி' இயங்குகிறது. எதிரொலி என்று பொருள். தமிழ் காதுக்கும் புரிகிற பெயர். பழங்குடியினருக்கான நிகழ்ச்சிக்கு 'துடிச்செத்தம்', அதாவது துடியின் ஓசை, என்று பெயரிட்டு அவர்கள் மொழியிலேயே நடத்துகிறார்கள். நம் நீலகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் 'ரேடியோ கோத்தகிரி', தமிழோடு இருளர், குறும்பர் உள்ளிட்ட மலை மக்களின் மொழிகளுக்கும் இடம் தருகிறது.

சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான் என்றாலும், அதற்கென்று தனி நடையும் சொல்லும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு விதைத்த காலத்து விவரமெல்லாம் இன்று வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. எந்த விதையை எந்த மழைக்கு விதைத்தார்கள், குதிரில் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிந்து வைக்க ஒரு சாதாரண செல்போன் போதும். உரிமம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாச்சனூர்ப் பெண்கள் செய்தது போல முதலில் ஊர்க் கூட்டத்தில் போட்டுக் கேட்கலாம்.

ஆறாவது மாதம்தான் சோதனை

தன்னார்வலர்களை நம்பி நடக்கும் நிலையத்துக்கு உண்மையான சோதனை, தொடக்க விழா முடிந்த ஆறாவது மாதத்தில் வரும். தினம் ஒரு மணி நேரம் புது நிகழ்ச்சி என்றால், ஆண்டுக்கு 365 மணி நேரம். பதிவு செய்வது எளிது. அதை வெட்டி ஒட்டிச் செம்மைப்படுத்துவதில்தான் பொழுது போய்விடும். ஆர்வம் வற்றினால் சினிமாப் பாட்டு இடத்தை நிரப்பிவிடும். பிறகு அது இன்னொரு பாட்டுப் பெட்டி, அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலத்தில், மைக் பிடிக்க வேண்டியவர்களே பறிப்புக்குப் போய்விடுவார்கள். ஆகவே, ஆடி, ஆவணி மழையில் வேலை மந்தமாக இருக்கும்போதே சில வாரங்களுக்கான நிகழ்ச்சிகளைப் பதிந்து இருப்பில் வைக்க வேண்டும். தானியத்தைக் குதிரில் போட்டு வைப்பது போலத்தான். பருவ வேலைகளையும் இப்படி முன்கூட்டியே தயார் செய்யலாம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மிளகு வாடலுக்குப் போர்டோ கலவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் தண்டு துளைப்பான் தேடல் என்று நாள்காட்டி கையில் இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்ல ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் காபி வாரிய அலுவலகமும் உள்ளன. கேள்விகளை வாரம் ஒரு முறை தொகுத்துக் கொண்டுபோய்ப் பதிலைப் பதிவு செய்துவர, வண்டி ஓட்டத் தெரிந்த ஓர் இளைஞர் போதும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். பாதை அடைபட்டு, மின்சாரமும் போய்விட்டால், செல்போனும் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். பேட்டரி போட்ட சின்ன ரேடியோ அப்போதும் பேசும், நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்தால்.

யார் தொடங்கலாம்?

தனி நபரோ, அரசியல் கட்சியோ, லாப நோக்கில் நடக்கும் நிறுவனமோ தொடங்க முடியாது. குறைந்தது 3 ஆண்டுகள் அந்தப் பகுதியில் சேவை செய்த பதிவு பெற்ற தொண்டு அமைப்பு, கல்வி நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவை விண்ணப்பிக்கலாம். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கருவி வாங்க அமைச்சகத்தின் மானியத் திட்டமும் இருக்கிறது.

நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்களிப்பு இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி அறிக்கை வாசிக்க அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். வானிலை, போக்குவரத்து, இயற்கைச் சீற்ற எச்சரிக்கை போன்ற அறிவிப்புகளுக்குத் தடையில்லை. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை 3 மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அனுமதிக்கப்படும் திறன் பொதுவாக 100 வாட். சமவெளியில் 10 கிலோமீட்டர், அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் கேட்கும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. குன்று குறுக்கே வந்தால் பின்னால் இருக்கும் ஊருக்குக் கேட்காது. எனவே, விண்ணப்பிக்கும் முன்பே எந்த மேட்டில் கோபுரம் வைத்தால் எந்தெந்தக் கிராமத்துக்குக் கேட்கும் என்று மலையை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை. இருக்கும் போனிலும் இயர்போன் வயரைச் செருகினால்தான் அது ஏரியலாக வேலை செய்யும். பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.