வானவீதித் தேவதைகள் – 3: மகளைத் தேடிய தாய்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சஞ்சரிக்கும் சிறு கோள்களின் பொது இயல்பைச் சென்ற இதழில் பார்த்தோம். அக்கூட்டத்தில் முதன்முதலாக மனிதர் கண்ணுக்கு அகப்பட்டதும், மற்றெல்லாவற்றிலும் பெரியதுமான சீரிஸின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லுகிறேன்.

1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்து வானாராய்ச்சி நிலையத்தில், நட்சத்திரங்களின் ஸ்தானங்களைத் திருத்தமாகக் குறித்துக்கொண்டிருந்த ஜுசெப்பே பியாஸ்ஸி என்னும் பாதிரியார், ரிஷப மண்டலத்தில் மங்கிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். மறுநாள் அது இடம் பெயர்ந்திருந்தது. அதற்குச் சிசிலியின் காவல் தேவதையான சீரிஸின் பெயரோடு அந்நாட்டு அரசர் பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். அரசர் பெயர் நிலைக்கவில்லை. தேவதையின் பெயரே நிலைத்தது.

சீரிஸ் ரோமானியரின் தானிய தேவதை. கிரேக்கர் டெமீட்டர் என்று வணங்கியவளும் இவளே. சிசிலியின் நடுவே, என்னா நகரை அடுத்த பெர்குசா ஏரிக்கரையில் இவளுடைய ஒரே மகள் புரோசர்பினா பூக்கொய்து கொண்டிருக்கையில், பாதாள வேந்தனாகிய புளூட்டோ நிலத்தைப் பிளந்துகொண்டு ரதத்தில் வந்து அவளைக் கவர்ந்து சென்றான். எட்னா எரிமலையின் நெருப்பில் பந்தம் கொளுத்திக்கொண்டு இரவும் பகலும் உலகெங்கும் தேடிய தாய், மகளைக் காணாத ஆற்றாமையில் பயிர்களைச் சபிக்க, விதைத்தது முளையாமல், முளைத்தது கதிர் வாங்காமல் பூமி பாழாயிற்று. தாயின் துக்கமே பஞ்சமாகும் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனத்துவிடுகிறது. இறுதியில் தேவராஜன் ஜூபிட்டர் சமரசம் செய்தான். ஆனால் மகள் பாதாளத்தில் மாதுளை முத்துக்கள் சிலவற்றை உண்டுவிட்டபடியால், ஆண்டில் பாதி தாயிடமும் பாதி கணவனிடமுமாக வாழ விதிக்கப்பட்டாள். அவள் வரும் காலம் வசந்தம்; பிரியும் காலம் பனிக்காலம்.

கதையில் மகளுக்கு நேர்ந்தது வானத்தில் கோளுக்கே நேர்ந்ததுதான் விந்தை. பிப்ரவரி 11 வரை பார்த்த பியாஸ்ஸி நோயுற்றுப் படுக்க, கோளும் சூரியப் பிரகாசத்தில் மறைந்து காணாமற்போயிற்று. இருபத்து நான்கு வயதான கௌஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை, கைக்கு எட்டிய சில குறிப்புகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்துக் கொடுக்க, அவ்வாண்டின் கடைசி இரவில் அது மீண்டும் அகப்பட்டது.

நம் நவக்கிரகங்களுள் சீரிஸ் இல்லை. மாதுருகாரகன் நமக்குச் சந்திரனே. மேல்நாட்டுச் சோதிடரும் சந்திரனையே தாயாகக் கொண்டிருந்தவர்கள். 1973-இல் எலியனோர் பாக் என்ற அம்மையார், முதலில் கண்டறியப்பட்ட நான்கு சிறு கோள்களுக்கும் பஞ்சாங்கம் வெளியிட்ட பிறகே சீரிஸை ஜாதகத்தில் இடும் வழக்கம் பரவிற்று. அவர்கள் கொள்கைப்படி சந்திரன் தாயின் மனம். சீரிஸ் அவள் ஊட்டும் கை. சூரியனைச் சுற்ற நாலரை ஆண்டுக்குச் சற்று மேலாகும் இக்கோள் நின்ற ராசி, ஒருவர் எவ்விதம் போஷிக்கப்பட்டார், பிறரை எவ்விதம் போஷிப்பார் என்பதைக் காட்டும் என்றும், புளூட்டோவின் திருஷ்டி பெற்றால் தாய்க்கும் சேய்க்கும் பிரிவும் மறுகூடலும் உண்டென்றும் பலன் சொல்லுகிறார்கள். கதிர் அரிவாளே இதன் குறியீடு. கன்னி ராசியோடு இதற்கு உறவு கற்பிப்பதும் பொருத்தமே. அக்கன்னியின் கையிலுள்ள நெற்கதிர் போன்ற நட்சத்திரத்தையே நாம் சித்திரை என்கிறோம்.

2006-இல் வானியலார் சீரிஸையும் புளூட்டோவையும் ஒருசேரக் குறுங்கோள் என்னும் ஒரே வகுப்பில் வைத்தார்கள். 2015 மார்ச்சில் டான் விண்கலம் சென்று சேர்ந்தபின், சீரிஸின் பள்ளங்களுக்குப் பல நாட்டு வேளாண் தெய்வங்களின் பெயர்களையும், பிற நிலவடிவங்களுக்கு அறுவடைத் திருவிழாக்களின் பெயர்களையும் இட்டார்கள். அங்கே வரிசையாக அமைந்த குழிகளின் தொடர் ஒன்றுக்குப் பொங்கல் என்று பெயர்.

(தொடரும்)