கியர் ஏன் விழவில்லை?

உலகத்தில் மூன்று பேர் முன்னால் நாம் வாய் திறவாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறோம். ஒருவர் வைத்தியர், இன்னொருவர் வக்கீல், மூன்றாமவர் மோட்டார் மெக்கானிக். முதல் இருவரிடமாவது இரண்டொரு கேள்வி கேட்டுவிடுவோம். மூன்றாமவர் வண்டியின் அடியிலிருந்து கரி பூசிய முகத்துடன் வெளியே வந்து, "கிளட்ச் போயிடுச்சுங்க" என்று சொன்ன மாத்திரத்தில், நெருங்கிய பந்துவைப் பற்றித் தந்தி வந்ததுபோல் ஆகிவிடுகிறோம். போனது கிளட்ச்தானா, எதனால் போயிற்று, முழுவதும் போயிற்றா என்றெல்லாம் கேட்கத் தோன்றுவதே இல்லை. பணப்பையைத்தான் தடவிப் பார்க்கிறோம்.

சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு இது அவ்வளவு அழகல்ல. லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளால் பெயர் பெற்றது நாமக்கல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு தோண்டப் பல மாநிலங்களுக்குப் போய் வருகின்றன. சங்ககிரியில் லாரித் தொழிலோடு சம்பந்தமில்லாத தெருவைக் காண்பது அரிது. இப்படி யந்திரங்களின் நடுவில் வாழ்ந்துகொண்டு, நம் வீட்டுக் காரின் இடது பெடல் என்ன செய்கிறது என்று அறியாமல் இருக்கலாமா?

இன்னொரு காரணமும் உண்டு. நம்முடைய சமவெளி வெறும் சமவெளியன்று. மலைகள் சூழ்ந்த சமவெளி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறு பக்கம் கொல்லிமலை. ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70. சமவெளியில் வாரம் முழுவதும் பதுங்கியிருந்த வியாதி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலை ஏறும்போது, பாதி வளைவில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கையில்தான் வெளிப்படும்.

தரகர் வேலை

கிளட்ச் என்பது என்ன? பெட்ரோல் யந்திரத்துக்கு ஒரு பிடிவாத குணம் உண்டு. மாட்டைப்போல் நின்ற இடத்திலிருந்து மெள்ளப் புறப்பட அதற்குத் தெரியாது. சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிறவனையும் நிற்கிறவனையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்க ஒரு கல்யாணத் தரகர் வேண்டும் அல்லவா? அந்தத் தரகர்தான் கிளட்ச்.

யந்திரத்தின் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுழல்கிறது. அதை ஒட்டி, இரு புறமும் சொரசொரப்பான பட்டை பொருத்திய ஒரு தட்டு. இதுவே கிளட்ச் பிளேட். அதற்குப் பின்னால் வலுவான வில்லைக் கொண்ட பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு வைத்து அழுத்துகிறது. மூன்றும் ஒன்றாய்ச் சுழலும்போது யந்திரத்தின் பலம் கியர் பெட்டிக்குள் போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற உருளை முன்னே நகர்ந்து வில்லைத் தள்ளுகிறது, தட்டு விடுபடுகிறது. ஆகவே, மிதித்தால் பிரிவு, விட்டால் சேர்க்கை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவதெல்லாம் சுலபமாய் விளங்கும்.

கியர் பெட்டியின் வேலை வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குவது. சிறிய கார்களில் முதல் கியரில் யந்திரப் பக்கம் ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் பெட்டியிலிருந்து வெளிப்படுவது ஒரே சுற்று. வேகம் குறைகிறது, பலம் கூடுகிறது. பல்வேறு அளவுள்ள பற்சக்கரங்களை மாற்றி மாற்றிச் சேர்க்கும் இந்த முறையை 1891-ஆம் வருஷ வாக்கிலேயே பிரான்ஸ் தேசத்துப் பனார், லெவாஸ்ஸோர் என்ற இருவர் தங்கள் வண்டியில் அமைத்துவிட்டார்கள். ஆனால் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்களைச் சேர்க்கும்போது 'கறக்' என்று கத்தும். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இதற்கு ஒரு பரிகாரம் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறவன் கூடவே நாலடி ஓடி வேகத்தைச் சமப்படுத்திக்கொள்கிறான் அல்லவா? அந்த நாலடி ஓட்டத்தைப் பற்சக்கரங்களுக்கு ஓட வைக்கும் வளையம் அது. ஸிங்க்ரோ வளையம் என்பார்கள். நம் அம்பாஸடரின் பழைய மாதிரிகளில் முதல் கியருக்கு அந்த வளையம் கிடையாது. ஆகையால் ஓடும்போதே முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால், கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு முறை ஆக்ஸிலேட்டரைத் தட்டுகிற வித்தை டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழுக்கும் கிளட்ச்

இனி வியாதிகளைப் பார்ப்போம். கிளட்சுக்கு வரும் முக்கிய வியாதிகள் இரண்டே. ஒன்று, சேர வேண்டியபோது சேராமை. மற்றொன்று, பிரிய வேண்டியபோது பிரியாமை. குடும்பத்துக் கஷ்டங்களும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதலாவதை வழுக்கல் என்போம். வண்டி இழுக்காது. யந்திரம் இரைகிறது; வேகம் ஏறுவதில்லை. இதைச் சோதிக்க, நெரிசலில்லாத நேரான சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், டாப் கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்திப் பாருங்கள். இரைச்சலும் வேகமும் சேர்ந்து மெள்ள ஏறினால் கவலையில்லை. இரைச்சல் மட்டும் திடீரென்று குதித்து ஏறி, வேகமுள் அசையாமல் நின்றால் பிளேட் வழுக்குகிறது. ஏற்றமான சாலையில் இது இன்னும் தெளிவாய்த் தெரியும். பழந்துணி கருகுவதுபோன்ற காரமான நாற்றமும் வரும்.

காரணங்கள் என்ன? பட்டை தேய்ந்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம், யந்திரத்தின் எண்ணெயோ கியர் பெட்டியின் எண்ணெயோ கசிந்து பிளேட்டில் படிந்திருக்கலாம். எண்ணெய் பட்டிருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கசியும் சீலையும் மாற்றாவிடில் புதிய பிளேட்டுக்கும் அதே கதி. சில வண்டிகளில், கேபிள் அளவுக்கு மேல் இறுகி, பெடலை விட்ட பிறகும் பாதி மிதித்ததுபோலவே இருக்கும். இதற்குச் செலவே இல்லை. ஒரு நட்டைத் தளர்த்தினால் போதும்.

பிரியாத கிளட்ச்

இரண்டாவது வியாதியில் கியர் விழாது. ரிவர்ஸ் போடும்போது பல் நறநறக்கும். முதல் கியருக்குத் தடியைத் தள்ளத் தள்ள, அது கையைத் திருப்பித் தள்ளும். இங்கேதான் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. யந்திரத்தை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லாக் கியர்களையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். யந்திரம் ஓடாதபோது வெண்ணெய்போல் விழுகிற கியர், ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் குற்றம் கிளட்சினுடையது. பிளேட் முழுவதும் பிரியாமல் இன்னும் சுழல்கிறது. யந்திரம் நின்றபோதும் விழாவிட்டால், குற்றம் கியர்த் தடியையும் பெட்டியையும் இணைக்கும் கேபிளிலோ, கம்பியிலோ, பெட்டிக்குள்ளேயோ இருக்கிறது. அரை நிமிஷச் சோதனை, காசு செலவில்லை. பாதிச் சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

குற்றம் கிளட்சினுடையது என்று தெரிந்த பிறகு பெடலைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்த பிறகு கியர் விழுகிறதா? அப்படியானால் திரவத்தால் இயங்கும் கிளட்சில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது திரவம் எங்கோ கசிகிறது. பெரும்பாலான வண்டிகளில் இது பிரேக்குக்கு ஊற்றும் திரவமேதான். பலவற்றில் இரண்டுக்கும் ஒரே குப்பி. ஆகவே கிளட்சில் கசிவு என்றால் பிரேக்கின் திரவத்தையும் உடனே பார்த்துவிட வேண்டும். கேபிள் உள்ள வண்டியானால், கேபிள் நீண்டோ இழை அறுந்தோ இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பெடலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். மடங்கிக் கிடக்கும் தரைவிரிப்பு பெடலை முழுவதும் இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம்!

என்னோடு வேலை பார்க்கும் கணித ஆசிரியர் ஒருவருடைய காரில் கியர் விழவில்லை. அவர் போன முதல் பட்டறையில் பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "செட்டாக மாற்ற வேண்டும்" என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் வேறொரு வயதான மெக்கானிக், யந்திரத்தை நிறுத்திக் கியர் போட்டுப் பார்த்தார். பிறகு கேபிளின் நட்டைச் சில சுற்றுத் திருகினார். வண்டி அன்றைக்கே பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. கணித ஆசிரியருக்கே கணக்கைச் சரிபார்க்கும் வழி தெரியவில்லையென்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

பெட்டிக்குள்ளே

கிளட்ச் நன்றாயிருந்தும் ஒரே ஒரு கியர் மட்டும், மூன்றாவதோ இரண்டாவதோ, போடும்போதெல்லாம் கத்தினால், அந்தக் கியரின் ஸிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கியர்களும் கடினமாயிருந்தால் பெட்டியின் எண்ணெய் குறைந்திருக்கலாம். அல்லது அந்த வண்டிக்கு உரிய ரகமல்லாத எண்ணெயை யாரோ ஊற்றியிருக்கலாம். மார்கழி மாதத்து விடியற்காலை ஏற்காட்டில் மட்டும் கியர் சற்று முரண்டு பிடித்து, இரண்டு மைல் போனதும் சரியாகிவிட்டால் பயப்பட வேண்டாம். அது எண்ணெயின் குளிர்தான்.

போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுவது அபாயமான குற்றம். உள்ளே பற்களோ, கியரை நகர்த்தும் கவையோ, அதை நிறுத்திப் பிடிக்கும் சிறு வில்லோ தேய்ந்திருக்கும். யந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் கிழிந்திருந்தாலும் இப்படி நேரும். இந்தக் குற்றத்தோடு மலைப்பாதைக்குப் போகவே கூடாது.

சத்தம் சொல்லும் சேதி

காதும் ஒரு நல்ல மெக்கானிக். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, யந்திரத்தை ஓடவிட்டுக் கேளுங்கள். பெடலை மிதித்தவுடன் ஒரு சத்தம் பிறந்து, விட்டதும் மறைந்தால், அது ரிலீஸ் பேரிங். மாறாக, விட்டபோது கேட்ட சத்தம் மிதித்தவுடன் அடங்கினால், கியர் பெட்டியின் முதல் தண்டிலுள்ள பேரிங்கின் மேல் சந்தேகம் கொள்ளலாம். புறப்படும்போது மட்டும் வண்டி உடம்பு முழுவதும் உதறினால், பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது சூட்டினால் அதன் முகம் கெட்டிருக்கிறது, அல்லது ரப்பர் மெத்தை கிழிந்திருக்கிறது.

மலையும் கணவாயும்

கிளட்சைக் கொல்வது தூரமன்று. டிரைவரின் இடது கால். ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், 'ஆஃப் கிளட்ச்' வைத்து வண்டியை நிறுத்தி வைப்பது பலருக்கு ஒரு பெருமை. அந்த நேரம் முழுவதும் பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. யந்திரத்தின் பலம் அத்தனையும் சூடாய் மாறிப் பட்டையைத் தின்கிறது. கொண்டையூசி வளைவில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கை இழுத்து நிற்பதே மரியாதை. சாலையில் போகும்போது காலைப் பெடலின் மேல் சாய்த்து ஓய்வு கொடுப்பதும் இதே பாவம்தான்.

இறக்கத்தில் வரும் ஆபத்தோ உயிருக்கு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாயைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி துக்கச் செய்திகள் படிக்கிறோம். அங்கே இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிப்பதாய் எண்ணி நியூட்ரலில் விடும் பழக்கம் விபத்துகளுக்கு ஒரு காரணம் என்று பல முறை சொல்லப்பட்டிருக்கிறது. கியரில் இருக்கும் வண்டியை யந்திரமே பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலில் விட்டால் அத்தனை பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் காய்ந்து சூடேறிப் பிடிப்பு இழக்கிறது. அந்த வேகத்தில் மறுபடி கியர் போட முயன்றால், விழாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிச்சமும் ஆவதில்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது உண்மையே. இக்காலத்து வண்டிகளிலோ, கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் யந்திரத்துக்குப் போகும் எரிபொருள் அநேகமாக அடியோடு நின்றுவிடுகிறது; இறங்கும் சக்கரங்களே யந்திரத்தைச் சுற்றுகின்றன. நியூட்ரலில் விட்டால்தான், யந்திரம் உயிரோடிருக்க எரிபொருள் செலவாகிறது. அதாவது, காசும் கொடுத்து ஆபத்தையும் வாங்குகிறோம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது என்பது பழைய டிரைவர்கள் விதி. அது இன்றைக்கும் மாறவில்லை.

பட்டறையில் பேசும் முறை

கடைசியாக ஒரு வார்த்தை. பட்டறைக்குப் போனால், "கிளட்சை மாற்றுங்கள்" என்று நாமே மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. "யந்திரம் நின்றிருக்கையில் கியர் விழுகிறது, ஓடும்போது விழவில்லை; இரண்டு தடவை மிதித்தால் விழுகிறது" என்று குறிகளைச் சொல்ல வேண்டும். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். நல்லவரல்லாதவர் சற்று ஜாக்கிரதையாவார்.

அதே சமயம், பிளேட் மெய்யாகவே தேய்ந்துவிட்டது என்று தெரிந்தால் கை இறுக்கமும் வேண்டாம். கியர் பெட்டியை இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டை மெலிந்து, அதைப் பிணைத்த ஆணிகளின் தலை தெரிந்தால் அது ஆயுள் முடிந்து போனது. பட்டை தடித்திருந்து கருகியிருந்தால் அகால மரணம். அதற்குக் காரணம் வீட்டிலேயே, டிரைவர் ஆசனத்தில் உட்காருகிறவர்களில் ஒருவர்தான். அவர் யார் என்பதைக் குடும்பத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்!